90 என்றால் 50-ஐவிடக் கெட்டியா?

கியர்பாக்ஸுக்குக் கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும்; அதிலும் டப்பாவில் எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. பழைய கார்க்காரர்களிடையே இது ஏறக்குறைய வேதவாக்கு. ஓவர்டிரைவ் உள்ள காரில் இந்த வேதம் செய்யும் சேதம் கொஞ்சநஞ்சமல்ல.

அறுபதுகளின் எம்ஜிபி கையேட்டைத் திறந்து பாருங்கள். கியர்பாக்ஸுக்கும் ஓவர்டிரைவுக்கும் இன்ஜினில் ஊற்றும் அதே ஆயிலைத்தான் சொல்லியிருக்கும். “அந்தக் காலத்தில் நல்ல கியர் ஆயில் ஏது?” என்பார்கள். இருந்தது ஐயா! அதே கையேடு பின் ஆக்சிலுக்கு 90 ஆயிலைக் கேட்கிறதே! வோல்வோ இன்னும் தெளிவு: ஓவர்டிரைவ் இல்லாத எம்40 பெட்டிக்குக் கியர் ஆயில், ஓவர்டிரைவோடு வரும் எம்41-க்கு இன்ஜின் ஆயில்.

காரணம் ஓவர்டிரைவின் வயிற்றில் இருக்கிறது. லேகாக் டி நார்மன்வில் ஓவர்டிரைவில் சிறு பம்ப் ஒன்று, கியர்பாக்ஸோடு பங்குபோடும் அதே ஆயிலை உறிஞ்சி அழுத்தம் ஏற்றுகிறது. சுவிட்சைத் தட்டியதும் சாலினாய்டு வால்வைத் திறக்க, அந்த அழுத்தம் பிஸ்டன்களைத் தள்ளுகிறது. கூம்பு வடிவக் கிளட்ச் நகர்ந்துபோய் எதிரிலுள்ள வளையத்தைக் கவ்வி, நடுப்பல்சக்கரத்தைச் சுழலவிடாமல் பிடிக்கிறது. எம்ஜிபியின் எல்எச் வகையில் 3,000 சுற்றில் ஓடும் இன்ஜின் உடனே 2,460-க்கு இறங்கும். ஆக, இந்த ஆயில் பல்லுக்கு வழவழப்பும் தரவேண்டும், கிளட்சைக் கவ்வவும் விடவேண்டும். லிமிடெட் ஸ்லிப் ஆக்சிலுக்கென வழுக்கல் மருந்து கலந்த ஆயிலை இங்கே ஊற்றினால் கிளட்ச் கவ்வாமல் சறுக்கும், தேயும்.

எண்ணைக் காட்டி மிரட்டுவதும் வீண். கியர் ஆயிலுக்கும் இன்ஜின் ஆயிலுக்கும் அளவுகோல் வேறு. 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் எஸ்ஏஇ 90 கியர் ஆயிலும் எஸ்ஏஇ 40, 50 இன்ஜின் ஆயிலும் கெட்டியில் ஏறத்தாழ ஒரே அக்கம்பக்கம்தான்.

அடுத்தது “ஜிஎல்-5 புதுசு, ஆகவே ஜிஎல்-4-ஐவிட உசத்தி” என்ற கூற்று. பள்ளிக்கூட வகுப்பா என்ன, நாலு பாஸானால் ஐந்து? ஜிஎல்-5 என்பது பின் ஆக்சிலின் ஹைபாய்டு பற்களுக்கானது. பல் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தி வழுக்குவதால் அதில் கந்தக, பாஸ்பரஸ் சேர்க்கைகள் அதிகம். அவற்றில் சில சிங்க்ரோ ரிங்கின் வெண்கலத்தையும் புஷ்ஷையும் கருக்க வைத்து அரிக்கும். இன்றைய ஜிஎல்-5 எல்லாமே அரிக்கும் என்பது மிகைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரிக்காத ஆயிலும் வழுக்கினால், சிங்க்ரோ பிடிக்காமல் கியர் கரகரக்கும். ஆக்சிலுக்கு வாங்கிய டப்பாவில் மிச்சம் இருக்கிறதே என்று பெட்டியிலும் ஊற்றும் பழக்கத்துக்கு இதுதான் கூலி.

இன்ஜின் ஆயிலே எல்லாருக்கும் என்று நான் வாதிடவில்லை. இதே லேகாக்கைப் பூட்டிய டிரையம்ப் டிஆர் கார்களின் கையேடு 90 கியர் ஆயிலைத்தான் சொல்கிறது. அங்கே ஜிஎல்-4 ஊற்றுங்கள். ஓவர்டிரைவ் நழுவுகிறது என்றாலும் கெட்டி ஆயிலைத் தேடி ஓடாதீர்கள். முதலில் மட்டத்தைப் பாருங்கள், பிறகு சாலினாய்டின் வயரை, பிறகு அடியில் இருக்கும் வடிகட்டியை.