முளைகட்டினால் பயறு பெருகுமா?

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. மீனும் முட்டையும் எட்டாமற்போன வீடுகளுக்கு அப்போது அறிவுரைகள் மட்டும் இலவசமாக வந்தன. பயறை முளைகட்டிச் சாப்பிட்டால் சத்து இரட்டிப்பாகும் என்பது அவற்றில் ஒன்று. பணவீக்கம் பின்னர் இறங்கியது. விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அந்த அறிவுரையும் கைபேசிகளில் இன்னும் சுற்றுகிறது. அதில் எவ்வளவு உண்மை என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அதை நம்பிக் குழந்தைகளுக்குச் சாப்பாடு கொடுக்கும் தாய்மார் நம் மத்தியில் இருக்கிறார்கள்.

முதலில் உண்மையைச் சொல்கிறேன். காய்ந்த பயறில் விற்றமின் சி மிகக் குறைவு. முளைக்கும்போது அது உருவாகிறது. இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும் பைற்றேற்று என்ற பொருளும் குறைகிறது. மரக்கறி கிடைக்காத காலத்தில் இது சிறிய விடயமல்ல. முதலாம் உலகப் போரில் மெசப்பொத்தேமியாவில் நின்ற இந்தியப் படையினர் பலரை ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கேவி நோய் தாக்கியது. அக்காலத்தில் இலண்டன் லிஸ்ரர் நிறுவனத்தில் ஹரியற் சிக் முதலானோர் ஆய்வு செய்து, முளைவிட்ட பருப்பு வகைகளுக்கு அந்த நோயைத் தடுக்கும் ஆற்றல் உண்டு என்று காட்டினார்கள்.

ஆனால் புரதம் இரட்டிப்பாவதில்லை. காய்ந்த பயறு 100 கிராமில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் உண்டு. நீளமாக முளைத்த பயறு 100 கிராமில் அது 3 கிராம் அளவுதான். மிகுதியில் பெரும்பகுதி நீர். வீட்டில் சிறிதாக முளைவிட்டதில் இதைவிடக் கூடுதலாக இருக்கும். என்றாலும் ஒரு சுண்டுப் பயறு முளைத்துக் கோப்பை நிறைய வந்தாலும், அதிலுள்ள புரதம் ஏறக்குறைய அந்த ஒரு சுண்டுக்குரியதுதான். முட்டைக்கும் மீனுக்கும் பதிலாக ஒரு கைப்பிடி முளைப்பயறு போதும் என்று ஒரு கர்ப்பிணிக்குச் சொல்வது தவறு.

செய்முறை எளிது. பயறைக் கழுவி எட்டு மணித்தியாலம் ஊறவிட்டு, நீரை முழுதாக வடித்து, சுத்தமான பருத்தித் துணியில் கட்டி வைத்தால் நம் வெக்கைக்கு ஒரு நாளில் முளை தெரியும். இடையில் இரண்டு மூன்று தடவை கொதித்தாறிய நீரில் அலச வேண்டும். பிசுபிசுத்தால், மணம் மாறினால் எறிந்துவிடுங்கள். முளையை வளர்க்கும் அதே ஈரமும் சூடும் கிருமியையும் வளர்க்கும். 2011இல் ஜேர்மனியில் வெந்தய முளைகளோடு தொடர்புபட்ட ஈகோலைத் தொற்றில் 50இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகவே குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் பச்சையாகச் சாப்பிடக்கூடாது. நீத்துப்பெட்டியில் நன்றாக அவித்து, தேங்காய்ப்பூவும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துக் கொடுக்கலாம். அவிக்கும்போது விற்றமின் சி கொஞ்சம் குறையும். தேசிக்காய் அதை ஓரளவு ஈடுசெய்யும். விதைப்புக்கென மருந்து பூசி விற்கும் பயறை ஒருபோதும் எடுக்கவேண்டாம்.

இவ்வளவுக்கும் முதலில் பயறு வேண்டும். காலபோக நெல் அறுத்த வயலில், மிஞ்சிய ஈரத்தில், இரண்டு மாதத்தில் விளையும் பயிர் அது. வன்னி அதற்கு நல்ல நிலம். பயறு, உழுந்து இறக்குமதியை 2020இல் அரசு கட்டுப்படுத்தியபோது உள்ளூர் விவசாயிக்கு வாய்ப்பு என்றார்கள். அடுத்த ஆண்டே இரசாயன உர இறக்குமதிக்கும் தடை வந்தது. 1990களின் பொருளாதாரத் தடையில் உரமின்றிப் பயிர் செய்த நம் விவசாயிகளுக்கு அது புதிய அனுபவமல்ல. வயலே கையில் இல்லாதவர்களின் நிலை வேறு. கேப்பாப்புலவு மக்கள் 2017இல் வீதியோரம் உட்கார்ந்தது இராணுவத்திடம் இருந்த தங்கள் காணிக்காக. முளைகட்டும் முறை அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுகிறோம். அரிசி, நீர், உப்பு. சமைக்கத் தெரியாததால் அந்தப் பசி வரவில்லை. உணவு உள்ளே வராமல் தடுக்கப்பட்டதால் வந்தது. இன்றைய பசி அதே அளவானதல்ல. ஆனாலும் ஊட்டச்சத்துக் குறைவைச் சமையலறையின் பிழையாக மட்டும் காட்டும் பேச்சைக் கேட்கும்போது எனக்கு அந்தக் கஞ்சிதான் நினைவுக்கு வருகிறது.

முளைப்பயறு நல்ல உணவு. கிடைத்தால் செய்யுங்கள். கூடவே, உங்கள் ஊரில் உணவைப் பற்றிக் கூட்டம் வைக்கும் அதிகாரியிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். திரிபோஷா ஒழுங்காக வருகிறதா? விதைப்பயறு எந்த விலைக்கு, எப்போது கிடைக்கும்? விடுவிக்கப்படாத வயல்கள் எத்தனை ஏக்கர்? விடைகளை எழுத்தில் கேளுங்கள்.