வானம் சுற்றுலாத் தலம் அன்று

“விண்மீன் பார்க்க வேண்டுமானால் ஹன்லேவுக்குப் போய்வாருங்கள், நகரம் என்றால் விளக்கு எரியத்தான் செய்யும்.” மைசூரின் தெருவிளக்குகளைப் பற்றி நான் எழுதிய பதிவுக்கு நண்பர் ஒருவர் இட்ட மறுமொழி இது. பலர் அதனை ஆமோதித்துமுள்ளனர். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றுவதாலேயே இக்கருத்தை மறுக்க வேண்டியிருக்கிறது.

லடாக்கிலுள்ள ஹன்லே 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நற்செயல். ஆனால், ஓரிடத்தில் காப்பகம் இருப்பதனால் ஏனைய வானமெல்லாம் கைவிடத்தக்கதாகிவிடுமா? மேலும், ஹன்லேவில் தென்சிலுவை முழுமையாகத் தெரியாது. அதன் அடிமீன் அங்கே தொடுவானுக்கு மேல் எழுவதே இல்லை. மைசூரிலோ ஏப்ரல், மே இரவுகளில் நஞ்சன்கூட்டுத் திசையில் அது நிமிர்ந்து நிற்கும். நம் அட்சரேகை தந்த கொடையை ஒளியால் மூடிவிட்டு, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போய் எதைத் தேடுவது?

சங்க இலக்கியம் நாண்மீன், கோண்மீன் எனப் பிரித்து வழங்குகிறது. விண்மீன்களிடையே இடம்பெயர்பவை கோண்மீன்கள். இவ்வேறுபாடு இரண்டு நாள் பயணத்தில் எவருக்கும் புலப்படாது. சனி ஒரு ராசியைக் கடக்கவே ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. தம் வாசலில் நின்று இரவுதோறும் பார்த்தவர்களாலேயே அதனைச் சொல்லாக்க முடியும். இன்று சனிப்பெயர்ச்சி நாளை நாமனைவரும் அறிவோம். சனியைக் கண்ணால் கண்டவர் எத்தனை பேர்?

வானோக்கல் வசதி படைத்தோரின் பொழுதுபோக்கும் அன்று. வங்கத்து ஜெசோர் கருவூலத்தில் பணிபுரிந்த ராதாகோபிந்த சந்திரா, ஒளி மாறும் விண்மீன்களைப் பற்றிய 37,000க்கும் மேற்பட்ட பதிவுகளை அமெரிக்காவிலுள்ள நோக்கர் சங்கத்துக்கு அனுப்பினார். பகலில் அலுவலகம், இரவில் வானம். அச்சங்கம் அவருக்கு அனுப்பிய தொலைநோக்கி, பின்னாளில் நம் காவலூர் வானாய்வகத்தை வந்தடைந்தது.

“பன்னாட்டு விண்வெளி நிலையம் மொட்டைமாடியிலிருந்தே தெரிகிறதே?” என்பர். தெரியும், 400 கிலோமீட்டர் உயரத்தில் கதிரவன் ஒளியைப் பிரதிபலித்து அது கடந்து செல்கிறது. ஆயினும், எந்த விண்மீனின் அருகே, எந்த நொடியில் கடந்தது என்று குறிப்பதன்றோ செயற்கைக்கோள் நோக்கல்? பின்னணி மீன்கள் அழிந்தால் அது வெறும் நகரும் புள்ளி. ஒளிப்படக் கலைஞரின் நிலையும் இதுவே: திறப்பு நேரத்தை நீட்டினால் படத்தில் விண்மீன்களுக்கு முன் நகரத்தின் வெளிச்சமே நிறைந்துவிடுகிறது.

இருளில் வாழச் சொல்லவில்லை. அரண்மனையின் ஞாயிற்றுக்கிழமை விளக்குகளையும் நான் குறைகூறவில்லை. அவை சிறிது நேரம் எரிந்து அணைகின்றன. விடியும்வரை வானத்தை நோக்கி ஒளியைக் கொட்டும் மூடியற்ற விளக்குகளே என் வழக்கின் பொருள். மூடியிட்டால் ஒளி சாலையில் விழும். நடப்பவருக்கும் நலம், மின்சாரமும் மிச்சம்.

இன்றிரவு உங்கள் தெருவிளக்குக்கு மூடி உண்டா என்று பாருங்கள். இல்லையெனில் மாநகராட்சிக்கு எழுதுங்கள். நான் எழுதிவிட்டேன்.