குளியலறையில் சலவை: ஈரத்தரை யாருடைய பொறுப்பு?

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் முதியவர்களின் குடும்பத்தாரிடம், மருந்துகளை விளக்கிய பின் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வீட்டில் துணி எங்கே துவைக்கிறீர்கள்?" பலரும் வியப்புடன் நோக்குவர். பெரும்பாலும் கிடைக்கும் விடை, "குளியலறையில்தான் மிஷின் வைத்திருக்கிறோம், டாக்டர்" என்பதே.

இக்கேள்வியை ஒரு தவறிலிருந்து கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன், இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை பெற்ற மூதாட்டி ஒருவர் தேறி வீடு சென்றார். பத்தாம் நாள் இடுப்பெலும்பு முறிந்து மீண்டும் வந்தார். வேலைக்குச் செல்லும் மருமகள் இரவு உணவுக்குப் பின் சலவை இயந்திரத்தை ஓடவிட்டிருக்கிறார். அதன் கழிவுநீர்க் குழாய் குளியலறைத் தரையிலேயே கிடந்தது. நள்ளிரவுக்குப் பின் சிறுநீர் கழிக்கச் சென்ற மூதாட்டி சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தார். மருமகள் தம்மையே நொந்துகொண்டு அழுதார். ஆனால் மூதாட்டியை அந்நேரத்தில் எழுப்பியது, மாலையில் உட்கொள்ளுமாறு நான் எழுதிய நீர் மாத்திரை. அவ்வீட்டின் குளியலறையைப் பற்றி நான் ஒரு சொல்லும் கேட்டிருக்கவில்லை.

"அக்காலத்தில் ஆற்றுப் படித்துறையில் துவைத்தும் குளித்தும் வாழ்ந்தோமே, அப்போது யார் விழுந்தார்கள்?" என்று சிலர் வினவுவதுண்டு. நியாயமான வினாதான். காவிரியிலும் குடமுருட்டியிலும் வெண்ணாற்றிலும் குளியலும் சலவையும் ஓரிடத்திலேயே நிகழ்ந்தன. நீர் வராத மாதங்களில் கொல்லைக் கிணற்றடியில் துவைகல்லின் அருகிலேயே குளித்தோம். ஆனால் அங்கே கால் ஊன்றியது சொரசொரப்பான கருங்கல்லில். சென்றது பகல் வெளிச்சத்தில். அருகில் நாலு பேர் இருந்தனர். இன்றைய குளியலறையில் வழவழப்பான டைல்ஸ், அரை வெளிச்சம், தனிமை. படித்துறையிலும் விழுந்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆயினும் இன்றைய ஆபத்து வேறு வகையானது.

சர்க்கரை நோயால் பாத உணர்வு குன்றியவருக்குத் தரை ஈரமாக இருப்பது தெரியாது. இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்பவருக்குப் படுக்கையிலிருந்து எழுந்தவுடன் அழுத்தம் சட்டெனக் குறைந்து தலை சுற்றலாம். உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுவதால் உயிரிழக்கின்றனர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் முதியோரே மிகுதி.

இதனால் இயந்திரத்தைக் குளியலறையிலிருந்து அகற்றிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கொல்லை குறுகிப்போன நகர வீட்டில் குழாயும் வடிகாலும் உள்ள இடம் அது ஒன்றே. படுக்கையில் இருப்பவரின் துணிகளைத் துவைப்போருக்கு அது வசதியும்கூட. என் கருத்து இதுதான்: அந்த அறை முதலில் வீட்டிலேயே வலுக்குறைந்தவருக்கு உரியது, இயந்திரத்துக்கு இரண்டாம் இடமே.

அதற்குப் பெரும் செலவு வேண்டியதில்லை. கழிவுநீர்க் குழாயை நேராக வடிகாலில் செருகிவிடுங்கள். இயன்றவரை காலையில், அனைவரும் குளித்த பின் துவையுங்கள். இரவில்தான் இயலுமெனில், படுக்கும் முன் தரையிலுள்ள நீரைத் தள்ளித் துடைத்து, விளக்கை எரியவிடுங்கள். முதியவரின் கட்டிலருகே சிறுநீர்க் கலத்தையோ கழிப்பறை நாற்காலியையோ வையுங்கள். துண்டு போடும் கம்பி உடலின் எடையைத் தாங்காது. சுவரில் உறுதியாகப் பொருத்திய கைப்பிடி வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணிகளைக் குளியலறைக்குள் உலர்த்தினால் சொட்டும் நீர் தரையைக் காயவே விடாது. வேறிடத்தில் கொடி கட்டுங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ஈர உடலில் மின்சாரம் எளிதில் பாயும். ஆகவே இயந்திரத்துக்கு முறையான எர்த் இணைப்பும், 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியும் இருக்கின்றனவா என்று மின்பணியாளரிடம் கேளுங்கள். ஒருவர் குளிக்கும்போது இயந்திரம் ஓட வேண்டாம். அடுத்து, துணிக்கான பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். அவை சேர்ந்தால் நுரையீரலைப் புண்ணாக்கும் குளோரின் வாயு வெளிப்படும். மூடிய சிறு அறையில் அது மிகக் கொடியது.

தரையைத் துடைப்பது மருமகளின் கடமை என்று எவரும் இதைப் படித்துவிட்டுச் சொல்ல வேண்டாம். அத்துணிகளை உடுத்தும் ஒவ்வொருவருக்கும் அதில் பங்குண்டு. எங்களுக்கும் உண்டு. அடுத்த முறை வரும்போது, எந்த மாத்திரையை எந்த வேளையில் உட்கொள்கிறீர்கள் என்பதோடு, இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பல வேளைகளில் நீர் மாத்திரையைக் காலைக்கு மாற்ற இயலும். ஆனால் நீங்களாக மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். நாங்கள் கேட்க மறந்தாலும், உங்கள் குளியலறையைப் பற்றி நீங்களே பேச்சை எடுங்கள்.

அந்த மூதாட்டி அறுவை சிகிச்சைக்குப் பின் உயிர் பிழைத்தார். ஆனால் அதன்பின் துணையின்றி நடக்கவில்லை.