பிரசாத வாழைப்பழமும் முதியோர் வயிறும்

தைப்பூசத்திற்குக் கொங்கு நாட்டிலிருந்து பாதயாத்திரை செல்லும் அடியார்கள், பழநியிலிருந்து பஞ்சாமிர்தம் இல்லாமல் வீடு திரும்புவதில்லை. 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற அப்பிரசாதத்தின் முதற்பொருள் வாழைப்பழம். அதனுடன் நாட்டுச்சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய் சேர்கின்றன. மருதமலையிலும் பேரூரிலும் அர்ச்சனைத் தட்டில் தேங்காயோடு வருவதும் வாழைப்பழமே.

வயதானவர்களுக்கு இது ஏற்ற கனிதான். பல் இல்லாதவரும் உண்ணலாம். நூறு கிராம் பழத்தில் ஏறக்குறைய இரண்டரை கிராம் நார்ச்சத்து உள்ளது. நன்கு கனிந்த பழம் மலச்சிக்கல் குறைய உதவும். ஆனால் போதிய தண்ணீரும் அருந்த வேண்டும். சரியாகக் கனியாத பழத்தில் எளிதில் செரிக்காத மாவுச்சத்து மிகுதி. அது சிலருக்கு வயிற்று உப்புசத்தையும் மலக்கட்டையும் உண்டாக்கும்.

சர்க்கரை நோயாளிகள் சிறிய பழம் ஒன்றில் பாதியோடு நிறுத்துவது நல்லது. பஞ்சாமிர்தத்தில் பழத்தின் இனிப்போடு சர்க்கரையும் தேனும் சேர்வதால், அதில் இன்னும் கவனம் தேவை.

பலரும் அறியாதது சிறுநீரகம் பற்றிய எச்சரிக்கை. நூறு கிராம் வாழைப்பழத்தில் சுமார் 350 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. நல்ல சிறுநீரகம் மிகுதியானதை வெளியேற்றிவிடும். பழுதுற்ற சிறுநீரகத்தால் அது இயலாது. இரத்தத்தில் பொட்டாசியம் அளவு மீறினால், வெளியே அறிகுறி எதுவும் தோன்றாமலேயே இதயத்துடிப்பு சீர்கெடக்கூடும். இரத்த அழுத்தத்திற்கும் இதய நோய்க்கும் தரப்படும் மாத்திரைகளுள் சிலவும் பொட்டாசியத்தை உயர்த்துபவை. அவற்றை உட்கொள்வோர் தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. இரத்தப் பரிசோதனை செய்து, எவ்வளவு பழம் உண்ணலாம் என்று மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

'பிரசாதத்தை எப்படி வேண்டாம் என்பது?' என்ற தயக்கத்தில் அளவு மீறி உண்ணும் பெரியோர் உண்டு. அத்தயக்கம் வேண்டியதில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு விரல்நுனியளவு நாவில் இட்டாலும் அது பிரசாதமே. எஞ்சியதைப் பேரக்குழந்தைகளுக்கும் அண்டை வீட்டாருக்கும் பகிர்ந்தளிப்பதும் நம் மரபுதான். பழம் தாமே உண்ணக்கூடாத நிலையில் இருப்போர், முருகனுக்குப் படைத்துப் பிறர் உண்ணக் கண்டு மகிழலாம்.