காட்டுக்கு விருந்தாளியாகப் போங்கள்!

விடுமுறை என்றால் திருவல்லிக்கேணிக் குடும்பங்கள் மெரினாவுக்குப் போவார்கள். மிஞ்சினால் கிண்டிக்குப் போய் மான் பார்ப்பார்கள். இந்த மார்கழி, தையில் இன்னும் சற்றுத் தூரம் போகலாமே!

நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேதாரண்யத்துக்குத் தெற்கே இருக்கிறது கோடியக்கரை. பாலை மரக் காடு, புல்வெளி, உப்பங்கழி மூன்றையும் அங்கே காணலாம். கிண்டியில் பார்த்த அதே வெளிமான் கூட்டமாக மேயும். 1967-ல் இது சரணாலயம் ஆயிற்று. 2002-ல் உலகச் சிறப்பு வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

கடலுக்கு அப்பால் இலங்கை. நடுக்கடலில் 1974 ஒப்பந்தம் வகுத்த எல்லை. மீனவர் அதைத் தாண்டினால் சிறை. பறவைகளுக்கு அந்தத் தடை இல்லை. பூநாரைகள் வருகின்றன. சைபீரியாவிலிருந்துகூட உள்ளான்கள் குளிருக்குத் தப்பி வருகின்றன.

நாடு கடந்து வரும் விருந்தாளிக்கு நாம் வைப்பது என்ன? பிளாஸ்டிக் பை! சோற்று வாசனைக்கு மான் அதைத் தின்றால் குடல் அடைத்துச் சாகும். தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு. ஆனால் சட்டம் காட்டுக்குள் வந்து குப்பை பொறுக்காது. நாம்தான் போடாமல் இருக்க வேண்டும்.

துணிப்பையும் தூக்குச் சட்டியும் கொண்டு போங்கள். அனுமதி பெற்று, வனக் காவலர் காட்டும் பாதையில் நடங்கள். கூச்சல் வேண்டாம். மிச்சத்தை எல்லாம் வீட்டுக்கே கொண்டு வாருங்கள். பெரியவர்கள் செய்வதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கற்கிறார்கள்.