தயக்கம் அறியாமையா?

திறன்பேசியின் திரையைச் சிலமுறை தொட்டால் போதும். வேண்டிய பொருள் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. ஆயினும், இணையத்தில் பொருள் வாங்கத் தயங்குவோர் எல்லா நாடுகளிலும் உள்ளனர். ‘அவர்களுக்குத் தொழில்நுட்பம் தெரியாது’ என்று இளையர்கள் சிலர் எளிதாகக் கூறிவிடுகின்றனர். அது சரியான கணிப்பன்று. அத்தயக்கத்தின் வேர் பெரும்பாலும் பண்பாட்டில் இருக்கிறது.

தொழில்நுட்பத்தில் முன்னேறிய ஜப்பானையே எடுத்துக்கொள்வோம். கடன் அட்டை விவரங்களை இணையத்தில் தர விரும்பாத பலர் அங்கு உள்ளனர். அவர்கள் இணையத்தில் பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அருகிலுள்ள 24 மணி நேரக் கடையில் ரொக்கமாகப் பணம் செலுத்துகின்றனர். ஜெர்மனியில், பொருளைப் பெற்றுச் சரிபார்த்த பின்னரே பணம் கட்டும் முறை நெடுங்காலமாகப் பழக்கத்தில் உள்ளது. இந்தியாவில் ஃபிளிப்கார்ட் நிறுவனம் 2010ஆம் ஆண்டில், பொருள் கைக்கு வந்ததும் பணம் தரும் வசதியை அறிமுகப்படுத்தியது. அதன் பிறகு பலர் துணிந்து வாங்கத் தொடங்கினர். இந்நாடுகளில் மக்கள் தங்கள் வழக்கத்தைக் கைவிடவில்லை. வணிகமே அவர்களின் வழக்கத்திற்கு ஏற்ப வளைந்து கொடுத்தது.

நிச்சயமற்ற சூழலை ஒரு சமுதாயம் எந்த அளவுக்குத் தவிர்க்க விரும்புகிறது என்பதை நெதர்லாந்து அறிஞர் ஹோஃப்ஸ்டெட் நாடுவாரியாக ஒப்பிட்டார். அவரது அளவீட்டில் ஜப்பான் மிக உயர்ந்த இடங்களுள் ஒன்றைப் பெற்றது; சிங்கப்பூரோ மிகக் கீழே இருந்தது. எனினும், நாட்டின் அளவீட்டைக் கொண்டு ஒவ்வொரு மனிதரையும் எடைபோட இயலாது.

சிங்கப்பூரில் ஒரே வீட்டில் பேரன் இணையத்தில் காலணி வாங்குகிறான். பாட்டியோ தீபாவளிச் சேலை வாங்கத் தேக்காவுக்குச் செல்கிறார். துணியைத் தொட்டுப் பார்க்கிறார், சரிகையைத் திருப்பிப் பார்க்கிறார், பேரம் பேசுகிறார். பல்லாண்டுகளாகப் பழகிய கடைக்காரரின் முகமே அவருக்கு உத்தரவாதம். திரையில் அந்த முகம் இல்லை. முன்பின் அறியாதவர்கள் இட்ட நட்சத்திரக் குறிகளே இருக்கின்றன.

காலத்திற்கேற்ப மூத்தோரும் மாற வேண்டும் என்று சிலர் வாதிடலாம். அதில் உண்மை உண்டு. நடமாடச் சிரமப்படுவோருக்கு இணையக் கடை பெரும் துணையாகும். ஆனால், இணைய வணிக மோசடிகள் பெருகியுள்ள இக்காலத்தில், ‘விற்பவர் யார்? பொருள் சரியில்லை என்றால் யாரிடம் கேட்பது?’ என்று சிந்திப்பது விவேகமே. பாட்டி சந்தையில் கற்ற அந்தப் பழக்கம் பேரனுக்கும் தேவை.

ஆகவே, மூத்தோரின் தயக்கத்தை எள்ளி நகையாடுதல் தகாது. “ஏன் பயப்படுகிறீர்கள்?” என்று கேட்பதைவிட, “எதைத் தெரிந்துகொண்டால் உங்களுக்கு நம்பிக்கை வரும்?” என்று கேட்பதே மேல். அக்கேள்வியை இளையர்கள் மட்டுமல்லர், இணைய வணிகர்களும் கேட்க வேண்டும்.