பிழையைப் பெயர்த்தல் தமிழாகாது

மட்டக்களப்பு வாவியைப் பற்றி எழுதப் புகுவோர் பாடுமீனைக் குறிப்பிடாமற் செல்வதில்லை. 1848இல் இங்கு வந்த எமேர்சன் ரெனன்ற் இரவில் தோணியேறி அவ்வோசையைக் கேட்டார். ஓசை எழுப்புவது மீனன்று, ஊரியே என வலைஞர் அவருக்குக் கூறினர். 1859இல் வெளிவந்த தம் நூலில் அவர் அதனைப் பதிந்தார். பாடுவது எதுவாயினும் ஆகுக. அறிஞர் வினவியபோது வலைஞரிடம் பெயர் ஆயத்தமாயிருந்தது. உற்றுநோக்கியவர் நாவிற் பெயர் தானே பிறக்கும்.

முகத்துவாரத்துக்கு வெளியே, வலை எட்டாத ஆழ்கடலில் வாழும் உயிர்களுக்குத் தமிழில் யார் பெயரிடுவது? எடுத்துக்காட்டாக, ஆங்கிலர் 'ஸ்குவாட் லொப்ஸ்ரர்' என்பதொன்றைக் காண்போம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'குந்தும் சிங்கி இறால்' என வரும். பெயர்ப்பு வழுவற்றது, பொருளோ வழுவுடையது. அவ்வுயிர் சிங்கி இறாலின் இனமன்று; சங்குக்குள் ஒடுங்கும் துறவி நண்டுக்கே நெருங்கிய உறவு. அது குந்துவதுமில்லை, வாலை உடலின் கீழ் மடித்து வைத்திருக்கிறது.

இக்கூட்டத்தில் ஓரினம் நம் சிந்தனைக்குரியது. 'இன்வெஸ்ரிகேற்றர்' என்னும் அளவைக் கப்பல் அந்தமான் கடலிற் திரட்டியவற்றை ஆராய்ந்த மக்கில்கிறிஸ்ற், 1905இல் அதற்கு 'முனிடொப்சிஸ் அந்தமானிக்கா' எனப் பெயரிட்டார். ஆழ்கடலின் அடியில், அமிழ்ந்த மரங்களில் அது வாழ்கிறது. அதன் வயிற்றில் மரத்துகள்கள் நிறைந்திருந்தமையை ஆய்வாளர் 2009இல் எடுத்துக்காட்டினர். மாரி வெள்ளத்தில் ஆறுகள் கடலிற் சேர்க்கும் மரங்களிற் சில நீரூறி ஆழ்ந்துபோகின்றன. காட்டில் வீழ்ந்த மரம் கதிரொளி புகாத ஆழத்தில் ஓருயிருக்கு உணவாகும் விந்தையை 'குந்தும் இறால்' என்னும் பெயர் எவ்வாறு உணர்த்தும்?

இலத்தீன் பெயர் போதாதோ எனச் சிலர் கேட்பர். ஆராய்ச்சியாளருக்குப் போதும், வகுப்பறைக்குப் போதாது. பிழைபட்ட பெயரைக் கற்கும் மாணவன் முதலில் பிழையைக் கற்று, பின்னர் அதனை மறக்கவும் கற்கவேண்டும். தாய்மொழியிற் பயில்வோனுக்கு இவ்விரட்டைச் சுமை ஏன்?

காரைதீவில் தோன்றிய விபுலானந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. 1936இல் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். பொருளை அறிந்தோரும் மொழியை அறிந்தோரும் ஒருங்கிருந்து சொல் ஆக்கும் முறையை அன்று தமிழுலகம் கண்டது. இன்று அகராதியை மட்டும் விரித்துவைத்துச் சொல் ஆக்குவோர் பலர்; உயிரைப் பார்த்துப் பெயரிடுவோர் சிலரே.

வால் மடிந்த இவ்வுயிர்க் கூட்டத்துக்கு 'மடிவாலி' என்னும் பெயரை முன்வைக்கிறேன். இதனினும் பொருத்தமானது கிடைப்பின் மகிழ்வுடன் இதனைக் கைவிடலாம். ஆனால் அப்பெயர் ஆங்கிலச் சொல்லைப் பார்த்துப் பிறந்ததாக இருத்தலாகாது. உயிரைப் பார்த்துப் பிறந்ததாக இருத்தல் வேண்டும். ஊரியை அறிந்து உரைத்த வலைஞர் நமக்குக் காட்டிய நெறி அதுவே.